தானாகச் சூடாகும் கொழுந்து

போன லீவுக்குப் பூண்டுலோயா போயிருந்தோம். எங்களில் ஒருத்தனோட மாமாவுக்கு அங்கே ஒரு தேயிலை பெக்டரியில் வேலை. ராத்திரி ஷிப்ட்டில் ஒரு மணி நேரம் எங்களை உள்ளே விடச் சொல்லி யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். வெளியே பனி இறங்கி, பேசினால் வாயிலிருந்து புகை வருகிற குளிர். உள்ளே ரோலர் ஓடுகிற சத்தமும் பச்சைக் கொழுந்து நசுங்கின வாசமும். ரோலரில் முறுக்குப்பட்டுச் சல்லடையில் விழுந்து வந்த கொழுந்தை ஒரு மேடையில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி வைத்திருந்தாங்க. பச்சை பாதி போய், செம்பு நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

"கைய உள்ள விட்டுப் பாருங்க புள்ளைங்களா" என்றார் மாமா.

விட்டோம். சுடல. ஆனா காய்ச்சல் அடிக்கிற புள்ளையோட நெத்தியில கை வச்ச மாதிரி ஒரு கதகதப்பு. மேடைக்கு அடியில் நெருப்பு இல்லை, கம்பி இல்லை, சூடான காத்து வருகிற குழாயும் இல்லை.

"யாரு மாமா இத சூடாக்குறது?"

"யாரும் இல்ல. அது தானாவே சூடாகும். கூடக் குவிச்சு வச்சா ரொம்பச் சூடாகிக் கெட்டுப்போயிரும். அதான் மெல்லிசா பரப்புறது."

நாங்க எல்லாரும் கலைப்பீடம். வரலாறு, புவியியல், தமிழ் என்று படிக்கிறவங்க. சாதாரண தரத்தில் 'புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம்' என்று ஒரு பாடம் வந்தது ஞாபகம் இருக்கு. சோடியம் ஐதரொட்சைட்டைத் தண்ணீரில் போட்டால் குவளை சுடும், அமோனியம் குளோரைட்டைப் போட்டால் குளிரும். வரைபில் ஒன்றுக்கு அம்பு கீழே, மற்றதுக்கு மேலே. பாஸாகிறதுக்கு அது போதும். அதுக்குப் பிறகு உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இருக்கிற பாடசாலை எங்களில் பல பேருக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கல, அம்புக்குறிகள் அங்கேயே நின்னு போச்சு. அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு நாளும் அந்த அம்புக்குறிக்குள்ளேயே வேலை செய்யிறாங்க என்று அந்தப் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்கல என்பது அந்த மேடைக்கு முன்னால நின்னப்போதான் உறைச்சது.

முதலில் கொழுந்து விசயத்தை முடிச்சிடுவோம். இதைத் தோட்டத்திலும் சரி, பெக்டரிப் பலகையிலும் சரி, 'நொதித்தல்' என்றுதான் சொல்லுறாங்க. பெயர் பிழை. கள்ளுக்கும் தோசை மாவுக்கும் பொருந்துகிற சொல் அது, ஏனென்றால் அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்யும். தேயிலையில் வேலை செய்கிறது இலைக்குள்ளேயே இருக்கிற ஒரு நொதியம்: பொலிபீனோல் ஒட்சிடேசு. இலை முழுசா இருக்கிற வரைக்கும் அந்த நொதியமும் கட்டெக்கின் என்ற பொருட்களும் கலத்துக்குள் வேறு வேறு அறைகளில் இருக்கு, லயத்துக் காம்பராக்கள் மாதிரி. ரோலர் சுவர்களை உடைக்குது. ரெண்டும் கலந்து, காத்திலிருக்கிற ஒட்சிசனும் சேர, கட்டெக்கின்கள் தியாஃபிளேவின், தியாருபிகின் என்று மாறுது. தேத்தண்ணியோட பளபளப்பும் சிவப்பும் அதுகளில் இருந்துதான். இது ஒட்சியேற்றம். விறகு எரிகிறதும் ஒட்சியேற்றம்தான். அது வேகமாக, சுவாலையோட நடக்கும். இது மெதுவாக, இருபத்தைந்து பாகை செல்சியஸ் பக்கத்தில் நடக்கும். மாமா பரப்பி வைத்திருந்தது ஒரு மெதுவான நெருப்பு.

'மெதுவான நெருப்பு' என்ற யோசனை எங்களுடையது இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் அந்துவான் லவோசியேக்கு வந்தது அது. 1780-களின் தொடக்கத்தில் அவரும் கணிதக்காரர் லப்லாசும் ஒரு பாத்திரம் செய்தாங்க. நடுவில் ஒரு கூடு, சுத்தி பனிக்கட்டி, அதைச் சுத்தி வெளிச்சூடு உள்ளே வராமல் இருக்க இன்னொரு அடுக்குப் பனிக்கட்டி. உள்ளே ஒரு கினிப் பன்றியை விட்டாங்க. அது பாட்டுக்கு உட்கார்ந்து மூச்சு விட, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனிக்கட்டி உருகி வழியுது என்று நிறுத்தாங்க. பிறகு, அது மூச்சில் விட்ட அதே அளவு காபனீரொட்சைட்டு வருகிற அளவுக்குக் கரியை எரித்து அதையும் நிறுத்தாங்க. ரெண்டு கணக்கும் அச்சொட்டா ஒத்துப்போகல, ஆனா பக்கத்தில் பக்கத்தில் வந்தது. மூச்சு விடுறதும் ஒரு எரிதல் என்ற முடிவுக்கு வர அது போதுமாக இருந்தது.

லவோசியே அதோடு விடல. 1789, 1790-இல் செகுவன் என்ற உதவியாளரையே உட்கார வைத்து, சும்மா இருக்கும்போது, சாப்பிட்ட பிறகு, காலால் ஒரு கருவியை மிதித்து வேலை செய்யும்போது என்று தனித்தனியாக எவ்வளவு ஒட்சிசன் உள்ளே போகுது என்று அளந்தார். அந்த அறையில் நடந்ததை லவோசியேயின் மனைவி வரைந்து வைத்திருக்கிறார். படத்தில் ஓரமாக மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற ஆள் அவரேதான். வேலை செய்தால் உடம்பு அதிகம் எரிக்குது என்று அளவு காட்டியதும் லவோசியே ஒரு கேள்விக்குள்ளே விழுந்தார். உடம்பால் உழைக்கிறவன்தான் அதிகம் எரிக்கிறான், ஆனால் எரிக்கச் சாப்பாடு இல்லாதவனும் அவன்தான். சும்மா இருக்கிற பணக்காரனிடமோ தேவைக்கு மேல் குவிந்து கிடக்குது. இதை ஒரு இரசாயனக் கட்டுரைக்குள்ளேயே எழுதி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் சம்பாதித்ததே மக்களிடம் வரி வசூலிக்கிற குத்தகைக் கம்பனியில் பங்குக்காரராக இருந்துதான். அதுக்காகவே 1794 மே 8-ஆம் திகதி கில்லட்டினில் தலை போனது.

அடுத்த காட்சி எங்க பக்கத்துக் கடலில். 1840 பெப்ரவரியில் ரொட்டர்டாமிலிருந்து ஒரு டச்சு வியாபாரக் கப்பல் யாவாத் தீவுக்குப் புறப்பட்டது. கப்பல் வைத்தியர் யூலியஸ் றொபர்ட் மேயர், ஜெர்மன்காரர், வயசு இருபத்தைந்து (எங்களை விட மூணு நாலு வயசுதான் கூட). யூலை மாசம் சுரபாயா துறைமுகத்தில் மாலுமிகளுக்கு நோய் வர, அந்தக் கால வழக்கப்படி நாளத்தைக் கீறி இரத்தம் எடுத்தார். நாளத்து இரத்தம் கறுத்த சிவப்பாக இருக்க வேண்டும். வந்தது பளிச்சென்ற சிவப்பு. நாளத்துக்குப் பதிலா தமனியைக் கீறிட்டோமா என்று பயந்திருக்கிறார். அங்கே இருந்த வைத்தியர்கள் சூட்டு நாட்டில் இது வழமைதான் என்றாங்க.

வழமை என்று மேயர் விட்டுவிடல. லவோசியேயைப் படித்தவர். வெளியே சூடாக இருந்தால் உடம்பைச் சூடாக வைத்திருக்க அதிகம் எரிக்கத் தேவையில்லை. ஒட்சிசன் கொஞ்சம்தான் செலவாகும். மிச்சம் இரத்தத்திலேயே திரும்பி வரும், அதனால் சிவப்பு. இவ்வளவும் ஒரு வைத்தியருக்குத் தோன்றக்கூடியதுதான். அடுத்த அடிதான் பெரிசு. மனுசன் சூட்டை மட்டுமா உண்டாக்குறான்? கயிறு இழுக்கிறான், மூட்டை தூக்குகிறான், உரசி உரசி அதிலும் சூடு உண்டாக்குகிறான். இந்த ரெண்டும் ஒரே சாப்பாட்டிலிருந்துதானே வர வேண்டும்? அப்படியானால் வேலைக்கும் வெப்பத்துக்கும் நடுவில் மாறாத ஒரு மாற்று வீதம் இருக்க வேண்டும், ரூபாய்க்கும் டொலருக்கும் இருக்கிற மாதிரி. ஆனால் ஒருநாளும் ஏறி இறங்காத ஒன்று. இதுதான் சக்திக் காப்பு விதியோட விதை. சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று நாங்க மனப்பாடம் செய்த வரி, ஒரு காலனித்துவத் துறைமுகத்தில், உழைக்கிற உடம்புகளோட இரத்தத்தைப் பார்த்து யோசித்தது. அந்த யாவாவில் 1830-இலிருந்து டச்சு அரசாங்கம் கிராமத்துச் சனங்களைக் கட்டாயப்படுத்திக் கோப்பி, கரும்பு, அவுரி எல்லாம் பயிரிட வைத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்கணும் என்று நாங்க நினைக்கிறோம்.

அதே 1840-இல் இலங்கையில் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் வேறு விதமாக நிரூபிக்கிற வரைக்கும் அரசுக்குச் சொந்தம் என்றது. கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்களின் சேனை நிலங்களும் காடுகளும் இதில் மாட்டின. அந்த நிலம் விலைக்குப் போய்க் கோப்பித் தோட்டமானது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்றுதான் எங்க பூட்டன் பூட்டிகள் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தாங்க. நடையில் செத்தவங்க பாதையோரத்திலேயே கிடந்தாங்க. சக்தியைப் பற்றின கணக்கும் நிலத்தைப் பற்றின கணக்கும் ஒரே வருசத்தில் எழுதப்பட்டது தற்செயல்தான். ஆனா ஒன்றை ஒன்று பக்கத்தில் வைத்து யாரும் எங்களுக்குப் படிப்பிக்கல, ஒன்று விஞ்ஞானக் கொப்பியிலும் மற்றது வரலாற்றுக் கொப்பியிலும் இருந்ததால்.

மேயர் ஊருக்குத் திரும்பி எழுதின முதல் கட்டுரையை ஒரு சஞ்சிகை பிரசுரிக்கவே இல்லை. 1842-இல் வேறொரு சஞ்சிகையில் வந்தது. யாரும் கண்டுகொள்ளல. அதுக்குள்ளே மஞ்செஸ்டர் பக்கம் பியர் வடிக்கிற குடும்பத்துப் பையன் ஜேம்ஸ் யூல், தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி அது எவ்வளவு சூடாகுது என்று திரும்பத் திரும்ப அளந்து பெயர் வாங்கிவிட்டார். அளவீட்டில் யூல்தான் கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. மேயர் 1850-இல் ஜன்னலிலிருந்து குதித்தார், பிழைத்தார், மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார். மரியாதை கிடைத்தது அதுக்கும் நிறைய வருசங்களுக்குப் பிறகு. இன்றைக்குப் பிஸ்கட் பக்கெட்டில் சக்தி அளவு கிலோயூலில் இருக்கு, மேயர் பெயரில் அலகு இல்லை.

இன்னொரு 1840-காரரும் இருக்கிறார், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த எஸ். ஒரு இரசாயன மாற்றம் ஒரே அடியில் நடந்தாலும், நாலு படியாக நடந்தாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பம் ஒன்றுதான் என்றார். கேட்க வறட்சியாகத்தான் இருக்கு. இதைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்க, பெக்டரிக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

கோப்பி இலையில் 1869-இல் துரு மாதிரி ஒரு பங்கசு விழுந்தது, அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி போச்சு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலேயே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். அவருடைய முதல் 'பெக்டரி' அவர் பங்களா வராந்தாதான். மேசையில் கொழுந்தைப் போட்டுக் கையாலேயே உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்புப் போட்டு, அதுக்கு மேல் கம்பி வலைத்தட்டில் காய வைத்தாங்க. உருட்டின கைகள் யாருடையது என்று புத்தகங்களில் இல்லை. பிறகு அசாம் பக்கம் வில்லியம் ஜக்சன் உருட்டுகிற இயந்திரம் செய்தார். கச்சாரில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் சூடான காத்தை ஊதிக் காய வைக்கிற இயந்திரம் செய்து, 1881-இல் பெல்பாஸ்ட்டில் அதுக்கென்றே கம்பனி தொடங்கினார். 'சிரோக்கோ' என்று பெயர் வைத்தார், சகாராவிலிருந்து வீசுகிற சுடுகாத்தோட பெயர். பனியில் நடுங்குகிற மலையில் பாலைவனக் காத்து! (எங்க தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவங்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. பூண்டுலோயாவில் டன்சினன் இருக்கு; 'மக்பெத்' நாடகத்தில் காடு நடந்து வருகிற அதே மலையோட பெயர். இங்கே காடு நடந்து போயிருச்சு.)

நெருப்பு எதுக்கு? கொழுந்தின் மெதுவான நெருப்பை அணைக்கிறதுக்கு. ஒட்சியேற்றத்தைச் சரியான நிமிசத்தில் நிறுத்தாவிட்டால் தேத்தண்ணி சப்பென்று ஆகிவிடும். நூறு பாகை பக்கத்தில் சூடான காத்து பட்டால் நொதியம் செத்துப்போகும், தண்ணியும் வெளியேறும். சின்ன நெருப்பை அணைக்கப் பெரிய நெருப்பு. பிள்ளைகளுக்கு விடுகதையாகப் போடலாம்.

கணக்குப் பாருங்க. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேணும். வித்தியாசம் முழுக்கத் தண்ணி, மூன்றரை லீட்டர் வரைக்கும். ஒரு கிலோ தண்ணி ஆவியாகச் சுமார் 2400 கிலோயூல் வேணும். இதுதான் மறை வெப்பம், அகவெப்ப அம்புக்குறி. மொத்தம் 8400 கிலோயூல். நல்லாக் காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 16000 கிலோயூல் வரும். அப்படியென்றால் அரைக் கிலோ விறகு போதுமே? போதாது. சூட்டில் நிறையப் பங்கு புகைக்கூட்டால் வானத்துக்குப் போகுது. விறகு ஈரமாக இருந்தால் முதலில் தன் தண்ணியைத் தானே ஆவியாக்கித் தொலைக்கணும். சக்தி எங்கேயும் அழியல, எங்களுக்கு உதவாத இடத்துக்குப் போயிருச்சு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எஸ். பழைய பெக்டரிகளின் மேல் மாடிகள் முழுக்க ஜன்னலாக இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அங்கேதான் கொழுந்தை வாடப்போடுவாங்க. தண்ணியில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும், காத்து இழுத்துக்கொண்டு போகும். எந்த வழியால் போனாலும் தண்ணி கேட்கிற வெப்பம் ஒன்றுதான். ஆனா காத்து தருகிற வெப்பத்துக்குப் பில் வராது, விறகு தருகிறதுக்கு வரும். மொத்தம் மாறாது என்று விதி சொல்லுது. யார் கொடுக்கிறது என்று அது சொல்லாது.

லயத்துப் பக்கம் வந்தால் இதே கணக்குச் சின்னதாக நடக்குது. கவ்வாத்து வெட்டின மலையிலிருந்து மிலாறு கட்டித் தலையில் சுமந்து வந்து வீட்டு அடுப்புக்குப் போடுறோம். மழைக் காலத்தில் மிலாறு காயாது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, எரிகிற விறகோட சூட்டில் அடுத்த நாள் விறகைக் காய வைக்கிற எங்க அம்மாமார் மறை வெப்பத்தைப் பற்றி நல்லாவே தெரிஞ்சவங்க. புகையில் கண் போனது மிச்சம்.

இனி, நாங்க உண்மையில் சொல்ல வந்த விசயம். மழை நாளில் கொழுந்து மடுவத்தில் என்ன நடக்குது என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நனைந்த கொழுந்து என்று சொல்லி நிறையில் இத்தனை கிலோ என்று கழிப்பாங்க. பல தோட்டங்களில் பழைய வழக்கம் இது. எங்க கோபம் முழுக்க நியாயமா என்று பார்க்கத்தான் மேலே இருக்கிற கணக்கைப் போட்டோம். கழிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. கொழுந்துக்கு வெளியே ஒட்டின ஒவ்வொரு கிலோ மழைத் தண்ணிக்கும் அதே 2400 கிலோயூல் செலவாகும், அதிலிருந்து ஒரு தூள் தேயிலைகூட வராது. ஆனால் எவ்வளவு தண்ணி என்று யார் அளந்தாங்க? கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, பேனையால் வெட்டுறது அளவீடு இல்லை. யூல் துடுப்பைச் சுழற்றிவிட்டு "சுமார் ரெண்டு பாகை ஏறியிருக்கும்" என்று கொப்பியில் எழுதியிருந்தால் அவர் பெயரில் அலகு வந்திருக்குமா?

இன்னொரு கணக்கும் போட்டோம், அதில் நாங்களே மாட்டிக்கொண்டோம். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு பெண், இருபது கிலோ கூடையோட, நூறு மீற்றர் உயரம் ஏறுகிறார் என்று வைப்போம். திணிவு, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 69 கிலோயூல் பக்கம் வருது. கோதுமை மாவுக் கணக்கில் அது ஐந்து கிராம்கூட இல்லை. தசை வீணாக்குகிற சூட்டையும் சேர்த்தால் இருபது, இருபத்தைந்து கிராம் மா. ஒரு ரொட்டியில் ஒரு துண்டு. இவ்வளவுதானா? இதை யாராவது துரை கையில் கொடுத்தால் சந்தோசமாகச் சட்டம் போட்டு மாட்டுவார்.

இங்கே கவனிக்க வேண்டியது, பௌதிகவியலில் 'வேலை' என்ற சொல் மிகவும் குறுகினது. சரிவில் கால் ஊன்றி, கூடை தலையில் தொங்க, அசையாமல் நின்று கொழுந்து எடுக்கிறபோது கூடை உயரல, அதனால் கூடையைப் பொறுத்தவரைக்கும் வேலை பூச்சியம். ஆனா தசை எரிந்துகொண்டேதான் இருக்கு. படங்குக்குள்ளே நனைந்த உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற இன்னும் எரிக்குது. உடையில் ஊறின தண்ணி ஆவியாகிறதுக்கும் அந்த 2400-ஐ உடம்பிடம்தான் கேட்குது. இதெல்லாம் கணக்கில் வரணுமென்றால் கூடையை இல்லை, ஆளை அளக்கணும். 1890-களில் அமெரிக்காவில் அட்வாட்டர் அதைச் செய்தார். ஒரு ஆள் நாள்கணக்கில் தங்கிச் சாப்பிட்டுத் தூங்குகிற மூடின அறையையே ஒரு கலோரிமானியாகக் கட்டி, சாப்பாட்டில் உள்ளே போன சக்தியும் வெப்பமாகவும் வேலையாகவும் வெளியே வந்த சக்தியும் சமப்படுது என்று காட்டினார். மனுச உடம்பும் விதிக்குள்ளேதான். கொழுந்து மடுவத்துத் தராசு கூடையை மட்டும் நிறுக்குது.

பூண்டுலோயாவிலிருந்து கொஞ்சத் தூரத்தில், தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நிலையம் தொடங்கினது 1925-இல். கொழுந்தின் ஈரத்தை அடுப்பில் காய வைத்து நிறுத்து அறிகிற வேலை அப்படியான இடங்களில் ரொம்பச் சாதாரணம். மடுவத்துக்கு மட்டும் அந்த முறை வந்து சேரல.

கணக்கு எழுதின கொப்பியை மாமா வீட்டில் அத்தையிடம் காட்டினோம். இருபத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தவர். கிலோயூல் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சரி, தண்ணிய நிறுத்துட்டுக் கழிக்கச் சொல்லுங்க" என்றார்.

எப்படி நிறுக்கிறது என்று கேட்டோம். நனைந்த கொழுந்து ஒரு கிலோவை நிறுத்து, வெள்ளைச் சீலையில் கொட்டி, நாலு மூலையையும் பிடித்து நல்லா உதறிட்டு, திரும்ப நிறுத்தால் தெரிஞ்சிடும் என்றார். மழை லேசாக இருந்த நாள், கொட்டின நாள், பனி மட்டும் இருந்த நாள் என்று தனித்தனியாகப் பார்க்கணுமாம், இலையின் பதத்தையும் பார்க்கணுமாம். நாங்க எழுதிக்கொண்டோம். கெம்பஸ் அடுத்த லீவு மழைக் காலத்தில் வருது. இறைச்சிக் கடை வைத்திருக்கிற தெரிந்த அண்ணன் ஒருத்தரிடம் டிஜிட்டல் தராசு கேட்டிருக்கிறோம், தருகிறேன் என்றிருக்கிறார்.